மாதம் ஆயிரம் ரூபாயா, சிஜிஎச்எஸ் கார்டா? ஜூன் 2026 ஓய்வு, என் கணக்கு சரியா?

காரைக்குடிக்காரர் · 5 அக்டோபர் 2025

மத்திய அரசு, லெவல் 9, அடிப்படைச் சம்பளம் 77,900. 30.6.2026 ஓய்வு. 2004-க்கு முந்தைய நியமனம், பழைய பென்ஷன்தான். 33 வருட சர்வீஸ் முழுசாக இருக்கிறது. மனைவிக்கு 57 வயது, வேலையில் இல்லை. எனக்கு சர்க்கரை, மாத்திரையில் கட்டுப்பாட்டில். இப்போது சென்னை, ஓய்வுக்குப் பின் காரைக்குடி.

என் திட்டம்: பென்ஷனில் 40 சதவீதத்தை கம்யூட் பண்ணி (15 வருடத்துக்கு விட்டுக்கொடுத்து, பதிலுக்கு மொத்தமாகப் பணம் வாங்கி) அந்தப் பணத்தை அஞ்சலக மூத்த குடிமக்கள் திட்டத்தில் போடுவது. சிஜிஎச்எஸ் (மத்திய அரசு ஊழியர், ஓய்வூதியர் மருத்துவத் திட்டம்) வேண்டாம், காரைக்குடியில் அதன் மருந்தகம் கிடையாது. அதற்குப் பதில் மாதம் 1,000 மருத்துவப் படி வாங்கிக்கொண்டு, ஜூலையில் தனியாரிடம் 5 லட்சத்துக்கு ஒரு பாலிசி எடுப்பது. ஓட்டை எங்கே?

பென்ஷன் பிரிவு · 5 அக்டோபர் 2025

மூன்று இடத்தில்.

பென்ஷன் பிரிவு · 6 அக்டோபர் 2025

நேற்று அவசரத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டேன். முதலில் மருத்துவம், ஏனென்றால் கம்யூட்டேஷனைத் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போட முடியாது.

பணியில் இருக்கும்போது சிஜிஎச்எஸ் இல்லாத ஊரில் வேலை பார்ப்பவர்கள் 1944 மருத்துவ உதவி விதிகளின்படி பில் போட்டுப் பணம் வாங்குகிறோம். அந்த விதி ஓய்வூதியருக்குப் பொருந்தாது. ஜூன் 30 ராத்திரியோடு அது போய்விடும். பல பேர் இதை முதல் அட்மிஷன் பில்லோடு அலுவலகத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். உங்களைப் போல சென்னையில் இருந்து பணிக்கால சிஜிஎச்எஸ் கார்டு வைத்திருப்பவருக்கும் கதை அதேதான், அந்தக் கார்டு ஓய்வோடு சரண்டர்.

சிஜிஎச்எஸ் இல்லாத ஊரில் குடியிருக்கும் ஓய்வூதியருக்கு வழி இரண்டு அல்ல, மூன்று. ஒன்று, மாதம் 1,000 மட்டும். இரண்டு, பக்கத்து சிஜிஎச்எஸ் நகரத்தில் பதிந்து வெளிநோயாளி, உள்நோயாளி இரண்டுக்கும் கார்டு. மூன்றாவதை யாரும் கேட்பதே இல்லை: வெளிநோயாளிக்கு 1,000 ரூபாய் படி, உள்நோயாளிக்கு மட்டும் சிஜிஎச்எஸ் கார்டு. காரைக்குடிக்கு இந்த மூன்றாவதுதான் பொருத்தம். சர்க்கரை மாத்திரைக்கு மாதாமாதம் வேறு ஊருக்கா ஓடுவீர்கள்?

கணக்குப்பிள்ளை · 6 அக்டோபர் 2025

சந்தா கணக்கு. லெவல் 1 முதல் 5 வரை மாதம் 250. லெவல் 6-க்கு 450, 7 முதல் 11 வரை 650, 12-க்கு மேல் 1,000. ஓய்வூதியர் ஆண்டுச் சந்தாவாகக் கட்டலாம், அல்லது 10 வருடத் தொகையை ஒரே தடவை கட்டி ஆயுள் கார்டு வாங்கலாம். உங்களுக்கு 650 × 120 = 78,000. கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்து, வயது வரம்பு இல்லாமல், இருக்கும் நோய்க்குக் காத்திருப்பு இல்லாமல். சர்க்கரை உள்ள 60 வயதுக்காரருக்கும் அவர் மனைவிக்கும் தனியாரில் 5 லட்சம் பாலிசி விலை கேட்டுப் பாருங்கள், அப்புறம் 78,000 எப்படித் தெரிகிறது என்று சொல்லுங்கள்.

ஆண்டுச் சந்தா என்று போனவர்கள் ஏதோ ஒரு வருடம் மறக்கிறார்கள். கார்டு முடங்கிக் கிடக்கிறது என்பது ஆஸ்பத்திரி கவுண்டரில்தான் தெரியவரும். ஆயுள் சந்தாவே மேல்.

வார்டு தகுதி கடைசி அடிப்படைச் சம்பளத்தைப் பொறுத்தது. 36,500 வரை பொது வார்டு, 36,501 முதல் 50,500 வரை இரண்டுங்கெட்டான் வார்டு (செமி பிரைவேட்டுக்குத் தமிழில் வேறு என்ன சொல்வது), அதற்கு மேல் தனி அறை. உங்களுக்குத் தனி அறை.

காரைக்குடிக்காரர் · 7 அக்டோபர் 2025

மூன்றாவது வழி தெரியாது. நன்றி. ஆனால் காரைக்குடியில் நெஞ்சு வலி வந்தால் சிஜிஎச்எஸ் நகரம் வரைக்கும் கார்டைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? அங்குள்ள ஆஸ்பத்திரி சிஜிஎச்எஸ் பட்டியலில் இல்லையென்றால்? அதனால்தான் தனியார் பாலிசி என்றேன்.

பென்ஷன் பிரிவு · 7 அக்டோபர் 2025

அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரியிலும் சேரலாம். பட்டியலில் உள்ள இடம் என்றால் ரெஃபரல் இல்லாமலே கார்டைக் காட்டிச் சேரலாம், ஓய்வூதியருக்குக் கடன் வசதி, கையிலிருந்து பணம் கட்ட வேண்டாம். பட்டியலில் இல்லாத இடம் என்றால் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்க வேண்டும், அதுவும் சிஜிஎச்எஸ் விகிதத்துக்குத்தான் கிடைக்கும். டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கிளெய்ம் போய்ச் சேர வேண்டும்.

இதில் மாட்டுவது ஒரே ஒரு தாள். டிஸ்சார்ஜ் சம்மரியில் "அட்மிஷன் ஃபார் கரோனரி ஆஞ்சியோகிராம்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். படிப்பவருக்கு அது முன்கூட்டித் திட்டமிட்ட அட்மிஷன். "ராத்திரி 2 மணிக்கு நெஞ்சு வலியோடு எமர்ஜென்சியில் வந்தார், ஈசிஜி-யில் இன்ன மாற்றம்" என்பது அதே தாளில் இருக்க வேண்டும். எமர்ஜென்சி சான்றைத் தனியாகவும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பில்லை மொத்தத் தொகையாக வாங்காமல் பிரித்து எழுதி வாங்குங்கள். ஸ்டென்ட் வைத்தால் அதன் ஸ்டிக்கரும் இன்வாய்சும் சேர்த்து. டிஸ்சார்ஜ் அன்றைக்கே கேட்டால் பத்து நிமிடம். மூன்று மாதம் கழித்துப் போனால் அந்த டாக்டர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்.

பாலிசி படிப்பவர் · 9 அக்டோபர் 2025

தனியார் பாலிசி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஜூலை 2026-ல் எடுக்கிறேன் என்பதுதான் தப்பு. ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்பு வைக்கலாம். ஜூலையில் எடுத்தால் சர்க்கரை சம்பந்தப்பட்ட எதற்கும் 2029 வரை கை விரிப்பார்கள். இந்த வாரம் எடுத்தால் அந்தக் கடிகாரம் இந்த வாரமே ஓட ஆரம்பிக்கும், பணியில் இருக்கும் மாதங்கள் சும்மா கழியும். செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது, முன்பு இருந்த 18 சதவீதம் போய்விட்டது.

சர்க்கரையை மறைக்காதீர்கள். "ஏஜென்ட் போட வேண்டாம் என்றார்" என்பது கிளெய்ம் மேசையில் பதில் ஆகாது. 60 மாதம் தொடர்ந்து கட்டிவிட்டால் அதன்பின் மோசடி என்று நிரூபித்தால் ஒழிய பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. அந்த 60 மாதத்துக்குள் மறைத்தது தெரிந்தால் கிளெய்மும் போகும், பாலிசியும் போகும்.

அறை வாடகை வரம்பு உள்ள பாலிசியை எடுக்காதீர்கள். கணக்கைப் பாருங்கள். வரம்பு நாளுக்கு 5,000, நீங்கள் படுத்தது 8,000 ரூபாய் அறையில், 5 நாள். பில் 3,00,000: அறை 40,000, அறுவைசிகிச்சை, டாக்டர், நர்சிங் எல்லாம் 1,60,000, மருந்தும் உள்ளே வைத்த பொருளும் 1,00,000. அறை வித்தியாசம் 15,000தானே என்று நினைப்போம். அவர்கள் 1,60,000-ஐயும் எட்டில் ஐந்து பங்காக வெட்டி 1,00,000 ஆக்குவார்கள். மருந்தையும் பொருளையும் அப்படி வெட்டக் கூடாது. ஆகக் கிடைப்பது 25,000 + 1,00,000 + 1,00,000 = 2,25,000. கைவிட்டுப் போனது 75,000.

கணக்குப்பிள்ளை · 9 அக்டோபர் 2025

இவருக்கு முழுப் பாலிசி எதற்கு? சிஜிஎச்எஸ் கார்டு இருக்கும்போது 5 லட்சம் கழிவோடு (பில்லில் அதற்கு மேற்பட்டதை மட்டும் தரும்) ஒரு சூப்பர் டாப்-அப் போதும். பிரீமியம் பல மடங்கு குறைவு.

பாலிசி படிப்பவர் · 10 அக்டோபர் 2025

சரிதான், நான் நேற்று கார்டு இல்லாதவருக்குச் சொல்வதைச் சொல்லிவிட்டேன். கார்டு உண்டென்றால் சூப்பர் டாப்-அப். வெறும் டாப்-அப் அல்ல, பெயரைக் கவனியுங்கள். டாப்-அப் ஒவ்வொரு அட்மிஷனுக்கும் தனித்தனியாக 5 லட்சம் கழிக்கும். சூப்பர் டாப்-அப் வருடத்தின் பில்களைக் கூட்டி ஒரு தடவைதான் கழிக்கும். இரண்டு தடவை 4 லட்சம் பில் வந்தால் முன்னதில் ஒன்றும் வராது, பின்னதில் 3 லட்சம் வரும். இதற்கும் அந்த 36 மாதம் உண்டு, அதனால் "இந்த வாரம்" என்றது மாறவில்லை.

காரைக்குடிக்காரர் · 10 அக்டோபர் 2025

ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் கேட்டால் மோசடி என்று சொல்ல மாட்டார்களா?

பென்ஷன் பிரிவு · 11 அக்டோபர் 2025

மாட்டார்கள், அனுமதி உண்டு. வரிசைதான் முக்கியம். முதலில் காப்பீட்டு நிறுவனம், அசல் பில்கள் அங்கே. அவர்கள் இவ்வளவு கொடுத்தோம் என்று தரும் கடிதத்தோடு, பில் நகல்களுக்குச் சான்று வாங்கி சிஜிஎச்எஸ்-க்கு. இரண்டும் சேர்ந்து செலவான தொகையைத் தாண்டக் கூடாது, சிஜிஎச்எஸ் தருவது அதன் விகிதத்தைத் தாண்டாது. பட்டியலில் இல்லாத இடத்தில் 8 லட்சம் பில், சிஜிஎச்எஸ் விகிதப்படி 4 லட்சம் என்று வைத்தால்: சூப்பர் டாப்-அப் 3, சிஜிஎச்எஸ் 4, உங்கள் கையிலிருந்து 1. அசலைத் தூக்கி முதலில் சிஜிஎச்எஸ்-க்குக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவதற்குள் காப்பீட்டுக்காரர் கெடு முடிந்துவிடும்.

கணக்குப்பிள்ளை · 14 அக்டோபர் 2025

இனி கம்யூட்டேஷன். மொத்தத்தையும் போட்டுப் பார்த்தேன், 2025 அக்டோபரில் இருந்த 58 சதவீத டிஏ-வில் (அகவிலைப்படி).

அடிப்படை + டிஏ = 1,23,082. கிராஜுவிட்டி 16½ மடங்கு: 20,30,853. உச்சவரம்பு 25 லட்சம், தாண்டவில்லை. ஈட்டிய விடுப்பு 300 நாள் இருந்தால் 12,30,820. இரண்டுக்கும் வரி கிடையாது. பென்ஷன் 38,950. அதில் 40 சதவீதம் 15,580. அடுத்த பிறந்த நாளில் 61 வயது, அரசு அட்டவணையில் அந்த வயதுக்கான கம்யூட் காரணி 8.194. 15,580 × 12 × 8.194 = சுமார் 15,31,950.

இதற்கு 15 வருடம் மாதம் 15,580 விடுகிறீர்கள், மொத்தம் 28,04,400. வட்டிக்கடன் மாதிரிப் பார்த்தால் ஆண்டுக்கு 9 சதவீதம் சொச்சம் வருகிறது. ஆனால் விடும் பென்ஷன் வரி கட்ட வேண்டிய பணம், வாங்கும் மொத்தம் வரி இல்லாத பணம். 20 சதவீத வரிப் படியில் இருப்பவருக்கு நிஜ வட்டி 5½ பக்கம் இறங்கிவிடும். மூத்த குடிமக்கள் திட்டம் 8.2 தருகிறது. ஆகவே கம்யூட் பண்ணுங்கள், லாபம்.

பழைய ஏஏஓ · 15 அக்டோபர் 2025

கணக்குப்பிள்ளை, ஜூலை 1 இன்கிரிமென்டை விட்டுவிட்டீர். ஜூன் 30-லும் டிசம்பர் 31-லும் ஓய்வு பெறுபவருக்கு அடுத்த நாள் இன்கிரிமென்ட் கற்பனையாகச் சேர்த்துப் பென்ஷன் போட வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. 77,900 இவருக்கு 80,200 ஆகும். பென்ஷன் 40,100. மாதம் 1,150 அடிப்படை, மேலே டிஆர் (பென்ஷனருக்கான அகவிலைப்படி). ஆனால் பென்ஷனுக்கு மட்டும்தான். மற்ற ஓய்வுப் பலன்களுக்கு 77,900-தான், ஆக உமது கிராஜுவிட்டி, விடுப்பு, கம்யூட் கணக்கு நிற்கும். பிபிஓ (பென்ஷன் வழங்கும் ஆணை) வந்ததும் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள். 38,950 என்று வந்திருந்தால் அன்றே எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று. வரி எங்கே இருக்கிறது இவருக்கு?

கணக்குப்பிள்ளை · 15 அக்டோபர் 2025

ஐயோ.

40,100 + 58 சதவீதம் = 63,358. வருடத்துக்கு 7,60,296. மூத்த குடிமக்கள் திட்டத்தில் 30 லட்சம் போட்டால் வட்டி 2,46,000. கூட்டினால் 10 லட்சம் சொச்சம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரியே வராது, நிலைக் கழிவு 75,000 வேறு. வரியே கட்டாதவருக்கு வரிச் சேமிப்பு ஏது? 5½ சதவீதம் என்றது ரத்து. 9 சதவீதம்தான்.

அதைவிட மோசம் இது: அந்தத் திட்டத்தில் ஒருவருக்கு உச்சவரம்பு 30 லட்சம். கிராஜுவிட்டியும் விடுப்புப் பணமும் மட்டுமே 32,61,673. கம்யூட் பணம் போய் உட்கார அங்கே இடமே இல்லை. மனைவி 60 ஆகும் வரை தன் பெயரில் தொடங்க முடியாது. கூட்டுக் கணக்கு என்றாலும் முதல் பெயருக்குத்தான் வரம்பு. ஆக 9 சதவீதத்தில் கடன் வாங்கி வங்கி வைப்பில் போடுகிற கதை.

காரைக்குடிக்காரர் · 16 அக்டோபர் 2025

அப்போ கம்யூட் வேண்டாமா? ஆபீசில் வேண்டாம் என்ற ஆளையே நான் பார்த்ததில்லை.

பழைய ஏஏஓ · 16 அக்டோபர் 2025

9 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டும் கடன் இருந்தால் பண்ணுங்கள். இன்னொரு நியாயமும் உண்டு: 15 வருடத்துக்குள் பென்ஷனர் காலமானால் மிச்சத்தை யாரும் கேட்க மாட்டார்கள், குடும்ப ஓய்வூதியத்தில் அந்தப் பிடித்தம் வராது. உடல்நிலை சரியில்லாதவர் முழுசாகக் கம்யூட் பண்ணுவது கணக்கில் புத்திசாலித்தனம். சொல்ல நன்றாக இருக்காது, அதனால் யாரும் சொல்வதில்லை.

டிஆர் முழுப் பென்ஷன் மேல்தான் வரும், கம்யூட் போக மிச்சத்தின் மேல் அல்ல. உங்களுக்குக் கம்யூட் பண்ணினால் கைக்கு 24,520 + 23,258 = 47,778. பண்ணாவிட்டால் 63,358.

அவசரமும் இல்லை. ஓய்வு பெற்ற ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை கேட்க மாட்டார்கள். 61 நிறைவதற்குள் கொடுத்தால் அதே 8.194. தாண்டினால் 8.093. முதலில் வீடு மாறி, செலவு என்ன ஆகிறது என்று ஆறு மாதம் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை · 17 அக்டோபர் 2025

மனைவி பக்கக் கணக்கை நாம் யாரும் போடவில்லை. ஓய்வுக்குப் பின் பென்ஷனர் காலமானால் 7 வருடம், அல்லது அவர் 67 ஆகியிருக்க வேண்டிய நாள், எது முந்தியோ அதுவரை கூடுதல் விகிதம், 38,950. அப்புறம் 30 சதவீதம், 77,900-க்கு 23,370. 67 தாண்டிய பின் போனால் நேராக 23,370, மேலே டிஆர். 30 லட்சத்தின் வட்டி மாதம் 20,500 அவர் கைக்கு வருகிற மாதிரி நாமினி போடுங்கள். சிஜிஎச்எஸ் கார்டும் அவர் பெயருக்கு மாற்றப்பட வேண்டும், தானாக மாறாது.

குழுக் காப்பீட்டை நம்பாதீர்கள். 1990-ல் வைத்த தொகை, குரூப் பி-க்கு 60,000. அதுவும் பணியில் இருக்கும்வரைதான். ஓய்வில் சேமிப்புப் பங்கு மட்டும் கையில் வரும், ஒரு நல்ல சோபா வாங்கலாம்.

மாநிலக் கணக்கு · 21 அக்டோபர் 2025

தமிழக அரசுப் பணியாளர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே கம்யூட் மூன்றில் ஒரு பங்கு. சிஜிஎச்எஸ் கிடையாது, ஓய்வூதியருக்கான புதிய மருத்துவக் காப்பீட்டில் மாதம் 497 பிடித்தம். 5 லட்சம் என்பது வருடத்துக்கு அல்ல, 1.7.2022 முதல் 30.6.2026 வரை நான்கு வருடத்துக்கும் சேர்த்து. பென்ஷனரும் துணையும் மட்டும், பிள்ளைகள் இல்லை. நமக்குத்தான் சூப்பர் டாப்-அப் இன்னும் அவசரம்.

எட்டாம் குழு ரசிகன் · 4 நவம்பர் 2025

எட்டாவது ஊதியக் குழு வந்தால் இந்த எண்ணெல்லாம் மாறிவிடுமே?

பழைய ஏஏஓ · 4 நவம்பர் 2025

அதற்கு வேறு இழை இருக்கிறது, 140 பக்கம்.

பென்ஷன் பிரிவு · 8 நவம்பர் 2025

காரைக்குடிக்காரருக்கு: காகிதம் இப்போதே. உங்கள் அலுவலகம் பென்ஷன் கேஸை ஓய்வுக்கு நான்கு மாதம் முன்னால், அதாவது பிப்ரவரி கடைசிக்குள், கணக்கு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். கேஸ் நிற்பது பெரும்பாலும் இனிஷியலில். சர்வீஸ் புத்தகத்தில் மனைவி பெயர் "மு. வள்ளி", ஆதாரில் "வள்ளி கணேசன்", வங்கியில் "ஜி. வள்ளி". நமக்கு மூன்றும் ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். ஆதாரையும் வங்கியையும் முதலில் ஒன்றாக்குங்கள், பிறகு அதே எழுத்தில் குடும்ப விவரப் படிவம். பிறந்த தேதியும் மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். பிபிஓ-வில் அவர் பிறந்த தேதி இல்லையென்றால் 80 வயதில் வரவேண்டிய 20 சதவீதக் கூடுதல் குடும்ப ஓய்வூதியத்துக்கு வயதை நிரூபிக்க அலைய வேண்டிவரும்.

காரைக்குடிக்காரர் · 16 நவம்பர் 2025

நிலவரம். சூப்பர் டாப்-அப் சர்க்கரையைச் சொல்லியே விண்ணப்பித்தேன், எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) எடுக்கச் சொன்னார்கள், 7.1, ஏற்றுக்கொண்டார்கள். காத்திருப்பு ஓட ஆரம்பித்துவிட்டது. கம்யூட்டேஷன் கட்டத்தை இப்போதைக்கு நிரப்பவில்லை. பிரிவில் இருப்பவர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்து "சார், இதை மறந்துட்டீங்க" என்றார்.

ஒரு சந்தேகம் பாக்கி. பணிக்காலக் கார்டை ஜூன் 30-ல் சரண்டர் பண்ணி, ஓய்வூதியர் கார்டு வர நாள் ஆனால், நடுவில்?

பென்ஷன் பிரிவு · 17 நவம்பர் 2025

பிபிஓ வரும்வரை உட்கார்ந்திருக்காதீர்கள். மே மாதமே சந்தாத் தொகையையும் புகைப்படம், ஆதார், மனைவியின் சார்புச் சான்று எல்லாவற்றையும் தயாராக வையுங்கள். தற்காலிக பிபிஓ அல்லது கடைசிச் சம்பளச் சான்றோடும் விண்ணப்பிக்கலாம். சரண்டர் சான்றை ஜூன் 30 அன்று கையோடு வாங்குங்கள். வழியனுப்பு விழா பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்கு, அதற்கு முன்னாலேயே அந்த சீட்டுக்குப் போய்விடுங்கள்.